கேள்வி–பதில்: கறுப்புக் கூடம், மேடேறிய தரை, படுக்கையறைக்குள் தொட்டி மூடி

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மறுவிற்பனை வீடுகளைப் பார்க்கப் போனவர்கள் அங்கே கண்ட விநோதமான அலங்காரங்களையும் புரியாத அறை அமைப்புகளையும் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: குரோம்பேட்டையில் எட்டு ஆண்டுகள் பழைய, இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட் ஒன்றைப் பார்த்தோம். கூடத்தின் சுவர்களில் கறுப்பும் சிவப்பும் பூசியிருக்கிறார்கள். தலைக்கு மேலே மூன்று அடுக்காக ஃபால்ஸ் சீலிங், அதில் நீல விளக்குகள். ஒரு படுக்கையறையில் ஒரே ஒரு சுவரை மட்டும் மரம்போலத் தோன்றும் பிளாஸ்டிக் பலகையால் மூடியிருக்கிறார்கள். குளியலறைத் தரையில் மீன்கள் நீந்துவதுபோல ஒரு படம். அதே கட்டிடத்தில் சென்ற ஆண்டு விற்ற வீட்டைவிட விலை குறைவு. என் கணவர் உள்ளே நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டார். இந்த வீட்டை விட்டுவிடலாமா? (ஒரு வாசகி, குரோம்பேட்டை)

பதில்: நிறத்துக்காக ஒரு வீட்டை விட்டுவிட வேண்டாம். கறுப்புச் சுவரும் நீல விளக்கும் மீன் படமும் இப்போதைய உரிமையாளரின் ரசனையைக் காட்டுகின்றனவே தவிர வீட்டின் தரத்தைக் காட்டவில்லை. ஒரு பெயின்டரும் ஓர் எலக்ட்ரீஷியனும் வந்து போனால் அவற்றில் பெரும்பகுதி மறைந்துவிடும். உங்கள் கணவரைப்போலவே மற்றவர்களும் வாசலோடு திரும்பியிருந்தால், விலை குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் லாபம் உங்களுக்குத்தான். உங்கள் கடிதத்தில் என் கவனத்தை நிறுத்தியது கறுப்புச் சுவர் அல்ல, "ஒரே ஒரு சுவரை மட்டும்" என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பலகைதான். ரசனைக்காகச் செய்த அலங்காரம் பொதுவாகக் கண்ணில் படும் இடத்தில், கூடத்திலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இருக்கும். விருந்தினர் நுழையாத படுக்கையறையில், அதுவும் ஒரே ஒரு சுவரில் மட்டும் பலகை அடித்திருந்தால், அது எதையோ மறைக்க வந்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

அந்தச் சுவர் வெளிச்சுவரா, குளியலறையை ஒட்டிய சுவரா என்று முதலில் பாருங்கள். வெளிச்சுவர் என்றால் கீழே இறங்கிக் கட்டிடத்தைச் சுற்றி நடந்து, அதே இடத்தில் வெளிப்பக்கம் விரிசல் இருக்கிறதா, குழாய் இணைப்பு கசிகிறதா, அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே வந்து, தரையோடு பலகை சேரும் இடத்தில் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனையைப் பலகையால் மறைக்க முடியாது. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் சுவர்களின் உண்மையான தேர்வு என்பதால், ஏப்ரலில் பார்த்துக் காய்ந்திருக்கிறது என்று நம்பிய சுவரை மழைக்கு மறுநாள் இன்னொருமுறை பார்க்க முடியுமானால் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்கைப் பொறுத்தவரை, அடுக்குமாடிக் கட்டிடங்களில் பெரும்பாலும் குளியலறைக்கு மேல் குளியலறையே வரும். மேல்மாடி வீட்டின் குளியலறை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதற்கு நேர் கீழேயும் அதை ஒட்டியும் உள்ள சீலிங்கில் பதித்த வட்ட விளக்கு ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றச் சொல்லி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக் கறை, வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது, கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு கட்டிடப் பொறியாளரை அழையுங்கள். துளை வழியாகப் பார்க்க உரிமையாளர் மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பின்னால் தெரியவந்தால் விற்றவரைக் கேட்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறைபாட்டை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் குறைபாடு விற்பவருக்குத் தெரிந்ததாகவும், வாங்குபவருக்குத் தெரியாததாகவும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் பலருடைய வழக்கு இடறி விழுகிறது. மேலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரியாக எழுதிக்கொள்ளாதவரைதான் அந்தப் பிரிவு செல்லும். "உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்" என்ற ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. எனவே கசிவு, கரையான், விரிசல் ஆகியவை பற்றி விற்பவர் சொல்வதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வாங்குங்கள்.

ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறைபாடு தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். வீட்டை முதலில் வாங்கியவரிடமிருந்து விலைக்கு வாங்கியவரையும் அச்சட்டம் ஒதுக்கீடு பெற்றவராகவே கருதுகிறது. ஆனால் உங்களுடையது எட்டு ஆண்டு பழைய வீடு. அந்தக் கதவு மூடிவிட்டது.

இன்னொன்று. "இன்டீரியருக்கே பல லட்சம் செலவழித்தேன்" என்று விற்பவர் சொன்னால் பரிவோடு கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கழற்றி எறியப்போகும் சீலிங்குக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. கழற்றும் கூலியைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதுதான் நியாயம்.

கேள்வி: மூன்று படுக்கையறை என்று விளம்பரம் செய்திருந்த ஃபிளாட்டில், மூன்றாவது அறைக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த அறையின் தரை சமையலறையைவிட இரண்டு அங்குலம் தாழ்வு. மூலையில் ஒரு துளையை சிமென்ட்டால் அடைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் குழாய்கள் ஓடும் குறுகிய சந்து. தரகர் இதை "ஸ்டடி ரூம்" என்கிறார். (வாசகர், அம்பத்தூர்)

பதில்: நீங்கள் பார்த்தது படுக்கையறையும் அல்ல, ஸ்டடி ரூமும் அல்ல. பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் சமையலறையை ஒட்டி விட்டிருந்த இடம். பிறகு யாரோ சுவர் வைத்து மூடியிருக்கிறார்கள். தண்ணீர் சமையலறைக்குள் வராமலிருக்கத் தரையைத் தாழ்த்தியிருப்பதும், அது வெளியேற மூலையில் விட்ட துளையும் அதற்குச் சாட்சி. அங்கே கட்டில் போட்டுத் தூங்க முடியுமா என்பது இரண்டாம் கேள்வி. அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் என்னவாக இருக்கிறது என்பதே முதல் கேள்வி. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ உள்ளாட்சி அமைப்போ அனுமதித்த வரைபடத்தின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத சுவர் அங்கே நின்றால், வங்கியின் மதிப்பீட்டாளர் அதைக் குறித்துக் கடனைக் குறைக்கவோ மறுக்கவோ கூடும். நாளை அதிகாரிகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அப்போதைய உரிமையாளரான நீங்கள்தான்.

பரப்பளவிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. ரெரா சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் தரைப்பரப்பில், உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவர்களும், குழாய்ச் சந்துகளும், அந்த வீட்டுக்கென்றே உள்ள பால்கனியும் சேரா. பால்கனியை மூடி அறையாக்கிச் சதுர அடியில் சேர்த்து விலை சொல்பவர், பால்கனியை அறையின் விலைக்கு விற்கிறார். தரகரின் தாளில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, டேப்பை எடுத்துச் சென்று நீங்களே அளந்து பாருங்கள். வீட்டில் ஒரு வசிக்கும் அறைக்காவது குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 102 சதுர அடிப் பரப்பும், 2.4 மீட்டர் அகலமும் வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வைத்திருக்கும் அளவுகோல். அகலம் அதற்கும் குறைந்த அறையில் கட்டிலும் அலமாரியும் போட்டபின் நடக்க இடம் இருக்காது.

தூண் இல்லாமல் வெளியே நீட்டிய தளத்தின் மேல் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தத் தளம் ஆட்களையும் காயப்போட்ட துணியையும் தாங்கக் கட்டியது. சுவரின் எடை கணக்கில் இருந்திருக்காது. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலையில் கீழிருந்து மேலாக விரிசல் ஓடினால் அந்த வீடு வேண்டாம். விரிசல் இல்லை, மூடிய சுவரை இடித்துப் பழையபடி ஆக்கத் தயார், இரண்டு படுக்கையறை உங்கள் குடும்பத்துக்குப் போதும் என்றால், இரண்டு படுக்கையறை விலைக்குப் பேசி வாங்கலாம்.

கேள்வி: திருச்சியில் நாங்கள் பார்த்த முதல் மாடி ஃபிளாட்டில், வாஸ்துவுக்காகச் சமையலறையை அக்கினி மூலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து கூடத்தின் குறுக்கே ஏறக்குறைய பதினெட்டு அடி நீளத்துக்கு, அரை அடி உயரத்தில் தரை மேடேறி ஓடுகிறது. எங்களோடு வயதான மாமியார் இருக்கிறார். வீடு மற்றபடி பிடித்திருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: வாஸ்து பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம், கழிவுநீர் சரிவை மட்டுமே பார்க்கும். பழைய சமையலறை இருந்த இடத்தில்தான் கட்டிடத்தின் கழிவுக் குழாய் கீழே இறங்குகிறது. புதிய இடத்திலிருந்து அதுவரை தண்ணீரைக் கொண்டுபோகத் தரைமேல் குழாய் ஓட்டி, அதை மறைக்க மேடு போட்டிருக்கிறார்கள். அடிக்குக் கால் அங்குலம் என்ற வழக்கமான சரிவைக் கொடுத்தால் பதினெட்டு அடிக்கு நாலரை அங்குலம் ஆகிறது. குழாயின் கனத்தையும் அதன் மேல் போட்ட கலவையையும் டைல்ஸையும் சேர்த்தால் அரை அடியைத் தாண்ட வேண்டும். மேடு அரை அடியோடு நின்றிருக்கிறது என்றால், சரிவைக் குறைத்திருப்பார்கள் அல்லது குழாயைச் சிறிதாக்கியிருப்பார்கள். சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரே முறையில் திறந்துவிட்டு, தண்ணீர் தடங்கலில்லாமல் இறங்குகிறதா, குமிழியிட்டுத் திரும்ப ஏறுகிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு சேரும் சமையலறைக் குழாயில் சரிவு குறைந்தால் அடைப்பு நிச்சயம், அதுவும் கூடத்தின் நடுவே டைல்ஸுக்கு அடியில். கீழ்வீட்டுக்காரரின் கதவைத் தட்டி அவர் கூடத்துச் சீலிங்கில் ஈரம் வந்ததுண்டா என்று கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர் சொல்வார், ஏனென்றால் வீட்டை வாங்கிய பிறகு அவர் சண்டைக்கு வரப்போவது உங்களிடம்தான்.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுவே போதுமான காரணம். இரவில் கூடத்தைக் கடக்கும் முதியவருக்கு அரை அடி மேடு ஆபத்து. சமையலறையைப் பழைய இடத்துக்கே மாற்றி மேட்டை உடைப்பதற்கான செலவைப் பொறியாளரிடம் கேட்டு, அதை விலையில் கழிக்க விற்பவர் சம்மதித்தால் வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: மதுரையில் ஒரு தனி வீடு. பின்னால் இரண்டு அறைகளைப் பிற்பாடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் கான்கிரீட் மூடி இருக்கிறது. "செப்டிக் டேங்க், ஒன்றும் செய்யாது" என்கிறார் உரிமையாளர். மதிலில் தெருவைப் பார்த்தபடி ஒரு பிள்ளையாரும் இருக்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: பிள்ளையாரை முதலில் முடித்துவிடுவோம். நேரே வரும் தெரு வீட்டின்மேல் முட்டும் தெருக்குத்துக்காக வைத்திருப்பார்கள். உங்களுக்கு அதில் மனக்குறை இல்லையென்றாலும், பின்னாளில் விற்கும்போது சிலர் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். எனவே நீங்களும் இப்போது குறைத்துக் கேட்கலாம். இரவில் வரும் வண்டிகளின் முகப்பு விளக்கு எந்த அறையில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டி விஷயம் அப்படிச் சிரித்துக் கடக்கக்கூடியதல்ல. செப்டிக் டேங்கில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. அவை கூரைக்கு மேல்வரை உயர்ந்த காற்றுக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அறை கட்டும்போது அந்தக் குழாயை வெட்டிவிட்டார்களா என்று கேளுங்கள். தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரியின் குழாயைப் படுக்கையறை வழியாக இழுத்துவர வேண்டும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த யோசனையே வேண்டாம். தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் அதற்கு இணைப்புப் பெற்று, பழைய தொட்டியை லாரி மூலம் காலிசெய்து, மணலால் நிரப்பி மூடிவிடலாம். பாதாளச் சாக்கடை இல்லை, வெளியே புதிய தொட்டி கட்டக் காலி இடமும் இல்லை என்றால், அந்த வீட்டை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பின்னால் சேர்த்த அந்த இரண்டு அறைகளுக்கும் கட்டிட அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: சாதாரண ஃபிளாட் ஒன்றுக்குக் காரைக்குடியிலிருந்து வாங்கிவந்த பழைய தேக்குக் கதவை வாசலில் பொருத்தி, கூடத்தில் ஊஞ்சலும் மாட்டியிருக்கிறார்கள். வீட்டோடு அவையும் வருமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கதவு வரும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத நிலையில், வீட்டோடு அதன் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், மற்றும் நிரந்தரப் பயன்பாட்டுக்காக அமைத்த பொருட்கள் எல்லாம் வாங்குபவருக்குப் போய்ச் சேரும். ஊஞ்சலின் கொக்கி உங்களுடையது என்று தைரியமாகச் சொல்லலாம். பலகையும் சங்கிலியும் வாதத்துக்குரியவை. எனவே கதவு, ஊஞ்சல், சரவிளக்கு, ஏசி, இன்வெர்ட்டர் ஆகியவற்றைப் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி, கதவைப் படமெடுத்து இணைத்துவிடுங்கள். சாவி கைக்கு வரும் நாளில் அங்கே பிளைவுட் கதவு நின்றால், காட்டுவதற்கு அந்தப் படம் வேண்டும்.