கேளுங்கள் சொல்கிறோம்: வளைவுக்கு முன்னால் பிரேக்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திறந்த உலக கார் ரேஸ் கேம்களைப் பற்றியவை. முழு நகரத்தையும் கையில் கொடுத்து, ‘விரும்பிய பக்கம் ஓட்டு’ என்று விட்டுவிடுகிற வகை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

ஏ/எல் மாணவர், ஹட்டன்: ‘நீட் ஃபோர் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’ (2005) விளையாடுகிறேன். நேர் ரோட்டில் எல்லோரையும் முந்துகிறேன். வளைவு வந்ததும் சுவரில் மோதி, கடைசி ஆளாகிவிடுகிறேன். எஞ்சினுக்குப் போடவேண்டியதெல்லாம் போட்டாயிற்று. இன்னும் என்ன போடலாம்?

எஞ்சினை விடுங்கள் தம்பி. கோளாறு நீங்கள் பிரேக் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது.

டயருக்கு ரோட்டைப் பிடித்துக்கொள்ளும் சக்தி ஓர் அளவுதான். அதை பிரேக்குக்கே முழுதாகக் கொடுத்துவிட்டால், திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நேராகப் போகும். சுவர் அங்கேதான் நிற்கிறது. நுவரெலியா பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால் சாரதியின் காலைக் கவனியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கிவிடுவார். வளைவுக்குள் அவருடைய கைக்குத்தான் வேலை.

கேமிலும் அதே வரிசை. இடப்பக்க வளைவு என்றால் ரோட்டின் வலது ஓரத்துக்குப் போங்கள். கார் நேராக இருக்கும்போதே பிரேக். பிரேக்கை விட்டுவிட்டுத் திருப்புங்கள். வளைவின் நடுவில் இடது ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போய், வெளியே வரும்போது மறுபடி வலது ஓரம். மூக்கு வெளிவாசலைப் பார்த்த பிறகுதான் எக்ஸலரேட்டர். சக்கரம் நேரான பிறகுதான் நைட்ரோ, அதாவது வேகத்தைத் திடீரென்று கூட்டும் பட்டன். வளைவுக்குள் நைட்ரோ அடிப்பது, மோதும் வேகத்தைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்வது மாதிரி.

கீபோர்டில் விளையாடுகிறீர்கள் என்று ஊகிக்கிறோம். அம்புக்குறி பட்டனுக்குப் பாதி என்பதே கிடையாது: அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் பூச்சியம். ஆகவே அழுத்திப் பிடிக்காமல், தட்டித் தட்டி விடுங்கள். நீண்ட வளைவில் ‘டக், டக், டக்’ என்று தட்டினால் கார் ஒரு கோட்டில் வரும். பிடித்தே வைத்திருந்தால் வால் வெளியே போய்விடும். ஹேண்ட் பிரேக் கொண்டை ஊசி வளைவுக்கு மட்டும், அதுவும் ஒரு தட்டு. பெரிய வளைவில் அதைத் தொட்டால் சேர்த்து வைத்த வேகம் எல்லாம் போச்சு. ஸ்பீட்பிரேக்கரை, அதாவது நேரத்தை மெதுவாக்கும் பட்டனை, தப்புக் கணக்குப் போட்டுவிட்ட வளைவில் உயிர் காக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு ரேஸ் வேண்டாம். சும்மா சுற்றும்போது ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, ஒரு லைட் கம்பத்தை அடையாளம் வையுங்கள். அங்கே பிரேக் பிடித்துத் தாராளமாகத் திரும்ப முடிந்தால், அடுத்த தடவை ஒரு கம்பம் தள்ளிப் பிடியுங்கள். சுவர் உரசும்போது ஒரு கம்பம் பின்னுக்கு வாருங்கள். அதுதான் உங்கள் இடம். எஞ்சினை அப்கிரேட் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மாறும். அதனால்தான் எஞ்சின் போடப் போட உங்களுக்கு மோதலும் கூடியது. கையில் காசு இருந்தால் அடுத்தது டயர், பிறகு பிரேக்.

முச்சக்கர வண்டிச் சாரதி, பண்டாரவளை: ராத்திரி ஓய்வில் தம்பியின் கேமை எடுத்தால், எதிரே வருகிற வாகனம் எல்லாவற்றிலும் மோதுகிறேன். 12 வருஷம் வண்டி ஓட்டுகிறவன் நான்!

12 வருஷம் ஓட்டியதால்தான். நம் ரோட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இந்தக் கேம்களில் பல அமெரிக்க நகரங்களை வைத்துச் செய்தவை, அங்கே வலப்பக்கம். சும்மா ஓட்டும்போது சமாளித்துவிடுவீர்கள். திடீரென்று ஒரு லொறி எதிரே வந்தால் கை யோசிக்காமல் இடப்பக்கம் ஒடிக்கும். அது எதிர்வாகனங்களின் பக்கம். நடுக்கோடு எப்போதும் உங்கள் காரின் இடது பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், நாலைந்து நாளில் பழகிவிடும். பழகவே மனமில்லை என்றால் பிரிட்டனை வைத்துச் செய்த ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 4’ (2018) நமக்கு ஏற்றது. ஆனால் 2024 டிசம்பரில் ஒன்லைன் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் விளையாடலாம். ஹொங்கொங்கில் நடக்கும் ‘டெஸ்ட் டிரைவ் அன்லிமிட்டட் சோலார் கிரவுன்’ (2024) இன்னொன்று. அங்கேயும் இடப்பக்கம்தான்.

இருவர், தலவாக்கலை: மோஸ்ட் வான்டட்டில் பொலிஸ் ஹீட் (துரத்தலின் கடுமை) 5 வந்தால் தப்பவே முடியவில்லை. ஆசையாக வைத்திருந்த காரையும் பறித்துவிட்டார்கள்.

முதலில் கார் ஏன் போனது என்பது. ஒவ்வொரு காருக்கும் ஆரம்பத்தில் 3 கட்டம் உண்டு. பிடிபட்டால் ஒரு கட்டம் நிறையும். அபராதம் கட்டி மீட்கலாம். மூன்றும் நிறைந்தால் கார் போனதுதான். ஹீட் என்பது உங்களைச் சேர்ந்ததல்ல, காரைச் சேர்ந்தது. ஆகவே எப்போதும் இரண்டு கார் வைத்திருங்கள். ஒன்று சூடேறினால் மற்றதை எடுங்கள். பெயின்ட், பொடி கிட் மாற்றினாலும் அந்தக் காரின் ஹீட் இறங்கும். பெயின்ட் மலிவு, கார் விலை அதிகம்.

இனித் தப்பும் வேலை. பொலிஸ் உங்களைப் பிடிப்பது மோதலால் அல்ல, நிற்பதால். நீங்கள் நின்று, பக்கத்தில் பொலிஸ் கார் இருந்தால்தான் பிடிபடும் கோடு நிறையத் தொடங்கும். சுற்றி வளைத்துவிட்டார்களா? முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருங்கள், அசையும் வரை நேரம் கிடைக்கும்.

வரைபடத்தில் ‘பர்சூட் பிரேக்கர்’ குறிகள் தெரியும்: பெட்ரோல் ஷெட், தண்ணீர்த் தாங்கி, சாரக்கட்டு போன்றவை. இடித்துக்கொண்டு போனால் பின்னால் வருபவர்கள் மேல் அவை சரியும். சத்தம் கேட்டதும் முதலில் கிடைத்ததில் போய் இடிக்காதீர்கள். பின்னால் கூட்டம் சேர்ந்த பிறகு இடித்தால்தான் லாபம். ஒருமுறை உடைத்ததை அதே துரத்தலில் மறுபடி உடைக்க முடியாது.

வழிமறிப்பு வந்தால் இடைவெளியைத் தேடுங்கள். இடைவெளியே இல்லையென்றால் பொலிஸ் காரின் பின்பாதியில் இடியுங்கள், முன்பாதியை விட லேசாகச் சுழன்று வழிவிடும். ஆணிப்பட்டை கிடந்தால் அந்தப் பக்கம் கனவிலும் வேண்டாம். டயர் போன காரோடு ஹீட் 5-ல் தப்புவது குதிரைக் கொம்பு. எதிரே நேராக வருகிற பெரிய ஜீப்புகளுக்கு, ஒரு பக்கம் போவதுபோல் காட்டிக் கடைசி நொடியில் மறுபக்கம் ஒடியுங்கள்.

கடைசியில் ‘கூல்டவுன்’. அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் கோடு நிறையத் தொடங்கும். இங்கேதான் பலரும் பதறி ஓடி, அடுத்த ரோந்துக் காருக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். வரைபடத்தில் காட்டும் மறைவிடம் ஒன்றுக்குள் போய் நின்றால் கோடு வேகமாக நிறையும்.

நீங்கள் பின்னர் ‘நீட் ஃபோர் ஸ்பீட்: ஹீட்’ (2019) என்ற கேமை வாங்கினால் அங்கே கணக்கு வேறு. பகல் ரேஸில் காசு, இரவு ரேஸில் பெயர். இரவில் ஹீட் ஏற ஏறப் பெயர் பெருகும். ஆனால் பாதுகாப்பு வீட்டுக்குள் போய்ச் சேரும் வரை அந்தப் பெருக்கம் உங்களுடையதல்ல. பெட்ரோல் ஷெட்டுக்குள் ஓடிப் பழுதுபார்ப்பது ஓர் இரவுக்கு 3 தடவைதான். மூன்றாவதும் முடிந்த பிறகு இன்னொரு ரேஸ் ஆசைப்படாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்.

வாசகர், மஸ்கெலியா: 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய லெப்டொப். எது ஓடும்?

மோஸ்ட் வான்டட் 2005 தாராளமாக ஓடும். அது கேட்பதே 256 எம்பி ரேம்தான். ‘ஹீட்’ குறைந்தது 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 760 தரத்தில் ஒரு கார்டும் 50 ஜிபி இடமும் கேட்கும். ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 5’க்கு (2021) 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970, 110 ஜிபி இடம். உங்கள் லெப்டொப்பில் இரண்டும் நடக்காது. ‘செட்டிங்கைக் குறைத்தால் ஓடும்’ என்று யாராவது சொன்னால் அவரையே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மோஸ்ட் வான்டட் என்ற பெயரில் இரண்டு கேம் உண்டு: ரொக்போர்ட் நகரில் 15 பேரை வரிசையாகத் தோற்கடிப்பது 2005-இல் வந்தது, ஃபேர்ஹேவன் நகரம் 2012-இல் வந்தது. ஒன்லைன் கடையில் இருப்பது 2012. பழையதற்கு செகண்ட் ஹேண்ட் டிஸ்க்தான் வழி. அந்த பிசி டிஸ்கிலும் ஒரு சிக்கல்: அதிலுள்ள சேஃப்டிஸ்க் என்ற பூட்டை விண்டோஸ் 10 ஏற்றுக்கொள்வதில்லை. இன்ஸ்டோல் ஆகும், திறக்காது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். பழைய விண்டோஸ் உள்ள கொம்பியூட்டர், அல்லது பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பொக்ஸ் 360 இவற்றில் ஒன்று என்றால் தொல்லையில்லை. ‘முழுசாக இலவசம்’ என்று வரும் பைல்களில், ஓடுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். ஏன் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள்.

டவுன்லோட் பற்றி இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். 10 எம்பிபிஎஸ் வேகம் விடாமல் கிடைத்தால் 50 ஜிபிக்கு 11 மணி நேரம், 110 ஜிபிக்கு ஒரு நாளுக்கு மேல். இரவு டேட்டா 7 மணி நேரம் என்றால் ஓர் இரவுக்கு 31 ஜிபி அளவு வரும். இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே காலையில் ‘போஸ்’ அழுத்த மறக்காதீர்கள், பகல் டேட்டாவை அதுவே தின்றுவிடும்.

ஒரு தாய், கம்பளை: மகன் இரவு பகலாக ரேஸ் கேம். நாளைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தால் இப்படித்தான் ஓட்டுவானோ?

பயம் நியாயம். இந்தக் கேம்கள் சொல்லிக்கொடுக்காத ஒன்றை நீங்கள் அவரிடம் காட்டலாம். அங்கே பிரேக் சூடாவதே இல்லை, எத்தனை தடவை அடித்தாலும் முதல் தடவை போலவே பிடிக்கும். ரம்பொடை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே ஒரு வாகனம் இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறைந்துகொண்டே வரும். அதற்காகத்தான் லொறிகள் சின்ன கியரில் முனகிக்கொண்டு இறங்குகின்றன. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது அந்த முனகலைக் கேட்கச் சொல்லுங்கள். உண்மையான ரேஸ் பார்க்கட்டும் என்றால், ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி இருக்கிறது. மூடிய ரோட்டில், ஹெல்மெட் போட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டி.

வாசகர், நுவரெலியா: கரண்ட் போனதில் சேமித்ததெல்லாம் அழிந்துவிட்டது. கொன்ட்ரோலரும் தொடாமலே கார் இடப்பக்கம் இழுக்கிறது.

சேமிக்கும் அடையாளம் திரையில் சுழலும் அந்தச் சில நொடியில் கரண்ட் போனால் பைல் பாதி எழுதியபடி நின்றுவிடும். பிறகு கேம் அதைத் திறக்காது. மோஸ்ட் வான்டட் என்றால் டொக்கியுமென்ட்ஸ் போல்டருக்குள் ‘என்எஃப்எஸ் மோஸ்ட் வான்டட்’ என்று ஒரு போல்டர் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அதை அப்படியே பென் டிரைவில் கொப்பி எடுங்கள். யூபிஎஸ் வாங்கினால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 650 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட் அளவுதான். கிடைப்பது சில நிமிடம். சேமித்து மூடத்தான் அது, ரேஸை முடிக்க அல்ல. மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரையும் சேர்த்து. பலரும் அந்த வயரை மறந்துதான் ரவுட்டரை இழக்கிறார்கள்.

கொன்ட்ரோலர் இழுப்பது, குச்சிக்கு அடியில் உள்ள கரிப்பூச்சு தேய்வதால். தூசியும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். முதலில் செட்டிங்கில் ‘டெட்ஸோன்’ (குச்சியின் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத அளவு) என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கார் நேராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். அதிகமாகக் கூட்டினால் சின்னத் திருப்பங்கள் பதிவாகாது. அதற்கும் கேட்காவிட்டால் குச்சிப் பகுதியை மாற்றவேண்டும், ஈயப்பற்று வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். விளையாடி முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். மருந்துப் போத்தலில் வருவதே போதும்.

வாசகர், பதுளை: ‘த குரூ’ டிஸ்க் மலிவாகக் கிடைத்தது, திறக்கவே மாட்டேன் என்கிறது.

2014-இல் வந்த முதல் ‘த குரூ’வா? தனியாக விளையாடவும் சேர்வர் வேண்டிய கேம் அது. 2024 மார்ச் 31-உடன் சேர்வரை மூடிவிட்டார்கள். டிஸ்க்கில் கோளாறில்லை, கடைக்காரர் காசைத் திருப்பித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.