தூசி ஒட்டி ஒட்டியே கிரகம் உருவாகிவிடுமா?

மில்லிமீட்டர் வரை சரி, ஒட்டும். அதற்குமேல் மோதினால் தெறிக்கும், உடையும். உண்மையான தலைவலி ஒரு மீட்டர் அளவில்தான். இளம் சூரியனைச் சுற்றிய வாயுவை அதன் அழுத்தமே வெளிப்பக்கம் தள்ளுவதால், அது கல்லைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். கல்லுக்கு எப்போதும் எதிர்காற்று. வேகம் இழந்து, சில நூறு ஆண்டுகளிலேயே சூரியனை நோக்கிச் சரிந்துவிடும்.

அப்புறம் பூமி எப்படி வந்தது? 2005இல் வானியற்பியலாளர்கள் யூடினும் குட்மனும் காட்டிய வழி எனக்கு நம்பும்படி இருக்கிறது. கூழாங்கற்கள் கூட்டமாகத் திரண்டால் பக்கத்து வாயுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும், எதிர்காற்று தணியும். வெளியிலிருந்து சரிந்து வரும் கற்களும் அங்கேயே சிக்கும். கூட்டம் போதிய அளவு அடர்ந்ததும் சொந்த ஈர்ப்பிலேயே சுருங்கி, நேராகப் பல கிலோமீட்டர் பாறையாகிவிடும். மீட்டர் கட்டமே கிடையாது!

2019இல் நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் படமெடுத்த, நெப்டியூனுக்கு அப்பால் உள்ள அரோகோத் என்ற சிறு வான்பொருளைப் பாருங்கள்: இரண்டு மடல்கள், மோதிச் சிதைந்த அடையாளமே இல்லாமல், மெல்லத் தொட்டு ஒட்டியிருக்கின்றன. ஒரே கூட்டம் சுருங்கிப் பிறந்தது என்பதோடு இது பொருந்துகிறது.