மொரீஷியஸில் எடுத்த தைப்பூசக் காவடிக் காணொளியைப் பதிவேற்ற ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? அளவை எப்படிக் குறைப்பது?

காணொளிச் சுருக்கம் என்பது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரங்களை விட்டுவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குவது. வருகைப் பதிவேட்டில் வராதவர்களை மட்டும் ஆசிரியர் குறிப்பதுபோல, மென்பொருள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறியதை மட்டுமே பெரும்பாலும் எழுதிக்கொள்கிறது. கோபுரம் அசையாது, அதற்கு அதிக இடம் வேண்டாம். ஆடும் காவடியும் மயிலிறகும் நொடிக்கு நொடி மாறுவதால்தான் ஊர்வலக் காணொளி இப்படிப் பருத்துவிடுகிறது. கை நடுங்கினால் கோபுரமும் ஆடும். ஆகவே கைபேசியைத் தாங்கியில் பொருத்துங்கள்.

4கே, 1080பி என்பவை படத்தின் துல்லிய அளவுகள். 4கே படத்தில் 1080பி-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள். ரீயூனியன் தீவில் இருக்கும் அத்தை கைபேசியில் பார்க்க 1080பி தாராளம். இலவசமான ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 1080பி-யையும் எச்.265 என்னும் சுருக்க முறையையும் தேர்ந்தெடுங்கள். மூலக்கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

எந்தக் கோப்பையும் சுருக்கும் ஜிப் முறையில் சுருக்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். காணொளி ஏற்கெனவே சுருக்கப்பட்டிருப்பதால் அதில் அளவு அநேகமாகக் குறையாது.