வெறும் தரையின் படம்

அன்புள்ள ஐயா,

நான் அரிசோனாவில், டூசானில் இருக்கிறேன். வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்தக் குளிர்காலம் நல்ல மழை, பிப்ரவரி கடைசியிலிருந்து பாலைவனம் முழுக்கப் பூ. தினமும் வேலைக்குப் போகும் முன் நடந்து படம் எடுத்து, கல்லூரித் தோழிகள் நாலு பேருக்கு அனுப்புகிறேன். ஒருத்தி மெல்போர்ன், ஒருத்தி சிங்கப்பூர், இரண்டு பேர் மதுரை. முதலில் ‘வாவ்’ வந்தது, பிறகு கட்டைவிரல், போன வாரம் அதுவும் இல்லை. நிறுத்திவிடலாமா? நல்ல கேமரா வாங்க வேண்டுமா? சங்கப் பாடல்களில் வரும் பாலை இதுதானா? இருபத்து மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். ஏழாவதில் இருக்கும் கள்ளியின் பெயர் தெரியுமா?

க.

அன்புள்ள க.,

கேமரா வேண்டாம், போன் போதும். பாலை பற்றிய கேள்விக்கு, இல்லை. சங்கப் பாலை வெயிலில் காய்ந்துபோன நம் காடும் மலையும்தான். மழை வந்தால் மறுபடி முல்லையாகிவிடும். நீங்கள் இருக்கும் சொனோரா, கோடையில் ஒரு மழையும் குளிரில் ஒரு மழையும் வாங்கிக்கொண்டு அப்புறமும் பாலைவனமாகவே இருக்கிற நிலம். இதற்கு மேல் இதில் எழுத இன்று பொறுமை இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று ஒரு வாரமாக மிரட்டல். அளவில் பெரியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே ஆள் அனுப்பியவை. விடுதியில் என் அறைத்தோழன். அவனும் உங்கள் ஊரில்தான் இருந்தான், அதனால்தான் உங்களுக்கு இந்தப் பதில்.

2006 இறுதியிலிருந்து ஏழு வருடம், தோன்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் ஆறு பேருக்கு ஒரு படம் அனுப்புவான். ஒன்றே ஒன்று. எப்போதும் ஒரே இடம். வீட்டுக்குப் பின்னால் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் ஓர் ஓடை, அதன் கரையில் ஒரு பாலோ வெர்டே மரம், அதன் நிழலில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சவாரோ கள்ளி. நீங்கள் தினமும் பார்க்கும் அந்தக் கை தூக்கிய ராட்சதர்கள் முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே அதிகம். ஆகவே அவன் படத்தில் ஏழு வருடமும் அது அப்படியேதான் நின்றது. சில பிப்ரவரிகளில் அந்தத் தரை மஞ்சளும் ஊதாவுமாக இருக்கும். பல பிப்ரவரிகளில் வெறும் சரளை. கீழே ஒரு வரி எழுதுவான். “இன்றும் ஒன்றுமில்லை. இரண்டு முயல்.”

உட்கார்ந்து எண்ணினேன். நூற்று நாற்பத்தாறு மடல்கள். நான் பதில் போட்டது ஒன்பதுக்கு. ஒன்பதும் பூ வந்த படங்களுக்கு.

உங்கள் தோழிகளைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், இந்தக் கணக்குக்கு அப்புறம் முடியவில்லை. உங்களைத் திட்டலாம், அதற்குத் தடை இல்லை. இருபத்து மூன்று படம், ஒரு வார்த்தை கிடையாது. எல்லாமே பூ, எல்லாமே முகத்துக்கு நேரே, எந்தப் படத்திலும் அந்தச் செடி எதன் பக்கத்தில் நிற்கிறது என்று தெரியவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி ஒரே நாளில் எல்லாவற்றையும் தெளித்தால் வாங்குகிறவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போகத்தான் செய்வார். அப்புறம், இடத்தின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். தோழிகளோடு நிற்கட்டும், பொதுவில் போடாதீர்கள். உங்கள் ஊர் சவாரோ தேசியப் பூங்காவில் கள்ளித் திருட்டுக்குப் பயந்து கள்ளிகளுக்குள்ளேயே சிப் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

நான் ஒருமுறை டிசம்பரில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். போன மறுநாள் காலையில் அந்த ஓடைக்கரையைப் பார்க்க ஆர்வமாக இறங்கினேன். “டேய், காலை எடுடா!” என்று ஒரு கத்தல். குனிந்து பார்த்தால் விரல் நகம் அளவுக்கு இலைவட்டங்கள், தரையோடு ஒட்டி, நூற்றுக்கணக்கில். குளிரில் தரைச் சூடு கொஞ்சம் கிடைக்கும் என்று அப்படிப் படுத்துக் கிடக்குமாம். இலையுதிர்காலத்தில் ஓர் அங்குலமாவது சேர்ந்தாற்போல் மழை பெய்தால்தான் விதை நம்பி முளைக்கும், சும்மா ஒரு தூறலுக்கு ஏமாறாது, நல்ல மழைக்கும் எல்லா விதையும் முளைத்துவிடாது, ஒரு பங்கு மண்ணிலேயே அடுத்த வருடத்துக்கோ அதற்கு அடுத்ததற்கோ காத்துக் கிடக்கும் என்று மண்டி போட்டபடியே சொன்னான். எல்லாம் ஒரே வருடம் முளைத்து, நடுவில் மழை நின்றுபோனால் வம்சமே போயிற்று அல்லவா? உங்கள் ஊர் டூமமாக் குன்றில் 1903-லிருந்து ஒரு பாலைவன ஆய்வகம் இருக்கிறதே, அங்கே லாரன்ஸ் வெனபிள் என்ற பேராசிரியர் 1982-ல் தொடங்கி இந்தக் குளிர்காலச் செடிகளை ஒவ்வொன்றாக, வருடா வருடம் அதே இடத்தில் எண்ணியிருக்கிறார். பூக்காத வருடத்தையும் எண்ணியதால்தான் இந்தச் சங்கதி உறுதியாயிற்று.

நண்பர்களும் விதை மாதிரி, சிலர் அடுத்த மழைக்கு முளைப்பார்கள் என்று எழுதி உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம். சொல்ல மாட்டேன். விதைக்கு மழை வேண்டும், நண்பனுக்கு ஒரு வரி எழுதச் சோம்பல், இரண்டும் ஒன்றில்லை.

நான் சொல்ல வருவது வெறும் தரையைப் பற்றி. பூத்த வாரத்தை மட்டும் படம் எடுக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று 2019 மார்ச்சில் பார்த்தோம். கலிஃபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற ஊருக்குப் பக்கத்தில், வாக்கர் கேன்யன் சரிவு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பாப்பி. படங்கள் பரவி, ஊர் தாங்காத கூட்டம், பூமேல் படுத்துப் படம். வழியை மூட வேண்டியதாயிற்று. 2023-ல் மறுபடி பூத்தபோது முன்னாலேயே பூட்டிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது ஆகஸ்டில் அந்தச் சரிவைப் பார்க்கத் திரும்பி வந்திருப்பாரா?

இதற்கு நேர் எதிராக உங்கள் ஊரிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஹேஸ்டிங்ஸ், டர்னர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யார் யாரோ எடுத்து வைத்த படங்களைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் போய் நின்று மறுபடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1965-ல் புத்தகமாக்கினார்கள். எது ஏறியது, எது அழிந்தது என்று கண்ணால் பார்க்கலாம். பழைய படங்களை எடுத்தவர்களில் யாரும் பூவுக்காக மட்டும் அங்கே நிற்கவில்லை.

ஆகவே நிறுத்தாதீர்கள், குறையுங்கள். வாரம் ஒன்று. ஒரே இடம். மே மாதம் எல்லாம் கருகிய பிறகும், ஜூனில் நாற்பது டிகிரியில் தரை வெளுத்துக் கிடக்கும்போதும் அனுப்புங்கள். கீழே ஒரு வரி. பதில் வராது, வந்தால் நல்லது.

முந்தாநாள் அவனுக்கு ஒரு பதில் போட்டேன். அவன் அந்த ஊரை விட்டே போய்ப் பல வருடமாயிற்று. 2011 ஜனவரி மடலைத் திறந்து, “முயல்கள் அப்புறம் வந்தனவா?” என்று கேட்டேன். ராத்திரி பதில் வந்தது. “எந்த முயல்?”

ஏழாவது படத்தில் இருப்பது கள்ளி இல்லை. ஒக்கோட்டியோ என்பார்கள். கீழிருந்து பிரம்பு பிரம்பாகக் கிளம்பி, நுனியில் சிவப்பாகப் பூப்பது. மழைக்கு இலை விடும், காய்ந்தால் மொத்தமாக உதிர்த்துவிட்டு முள்ளோடு நிற்கும், அடுத்த மழைக்கு மறுபடி விடும். உங்கள் படத்தில் இலை இருக்கிறது. உதிர்ந்த பிறகு அதையே எடுத்து எனக்கு அனுப்புங்கள்.