60,000 ரூபாயில் ஒரு ஏர் பிஸ்டல்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஏழு மாதமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். கிளப்பில் இருப்பது இரண்டு பிஸ்டல், பிள்ளைகள் பதினொரு பேர். அவள் முறை வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. சொந்தமாக ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். புதிய வெளிநாட்டு பிஸ்டலுக்கு ஒருவர் 1,80,000 ரூபாய் விலை சொன்னார். என் கணவர் லாரி ஓட்டுகிறார். நான் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த மாதம் சீட்டுப் பணம் 60,000 வருகிறது. அதற்கு மேல் என்றால் நகையை அடகு வைக்க வேண்டும். ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கே கிடைக்கிறதே என்கிறான் என் தம்பி. என்ன செய்யட்டும் சார்?
— ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: நகையை வைக்காதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசுவோம்.

தம்பி சொல்லும் 6,000 ரூபாய் பிஸ்டலும் வேண்டாம். அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் ஸ்பிரிங் பிஸ்டல். குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தி வைக்க வேண்டும். விசையை, அதாவது டிரிகரை, இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு பாயும். பெல்லட் (ஏர் பிஸ்டலில் போடும் ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியே வருவதற்குள் பிஸ்டல் கையில் குலுங்கிவிடும். 10 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். அதை அடிக்க ஒற்றைக் கையை நீட்டி நிற்கிற பிள்ளைக்கு அந்தக் குலுக்கல் பெரிய எதிரி. அதைவிட மோசம், குலுங்கப் போகிறது என்று தெரிந்துவிட்டால் விசையை இழுக்கும் முன்பே மணிக்கட்டு இறுகத் தொடங்கும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எடுக்க ஒரு வருடம் ஆகும். நான் பழக்கிய பிள்ளைகளில் மூன்று பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். கிளப்பில் அவள் ஏழு மாதம் கற்றதெல்லாம் வீட்டில் இரண்டு மாதத்தில் கெட்டுவிடும்.

நீங்கள் தேட வேண்டியது பழைய மேட்ச் பிஸ்டல், போட்டிக்கென்றே செய்தது. சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடும் வகை. ஸ்டெயர் எல்பி10, வால்தர் எல்பி300, எல்பி400, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ், மொரினி சிஎம்162, பார்தினி கே10 — இதில் எதுவானாலும் சரி, நல்ல நிலையில் இருந்தால் பிஸ்டலால் உங்கள் மகளுக்கு ஒரு புள்ளிகூடக் குறையாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் காலேஜ் போனதும் பெட்டியை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டிதான் உங்களுக்கு வேண்டியது. மாநிலப் போட்டி நடக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய் நான்கு கோச்சுகளிடம் சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகலாம், ஆகட்டும்.

60,000-ஐயும் பிஸ்டலுக்கே கொடுத்துவிடாதீர்கள். 50,000-க்கு மேல் போக வேண்டாம். மீதி பெல்லட்டுக்கும், ஒரு நல்ல ஷூவுக்கும், ரப்பர் சீல் மாற்றுவதற்கும் வேண்டும். ஒரு போட்டிக்கு 60 குண்டு. வாரம் நான்கு நாள் பழகினால் மாதம் ஆயிரம் குண்டு போகும், அதாவது 500 குண்டு டின் இரண்டு. பிஸ்டல் வாங்கிவிட்டு பெல்லட் வாங்கக் காசில்லாமல் பெட்டியை மூடி வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இனி, பழையதைப் பார்த்து வாங்குவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் என் கதை. நான் கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவன். 2009-ல் ஒருவரிடம் பழைய பிஸ்டல் ஒன்று வாங்கினேன். வால்நட் மரப் பிடி பளபள என்று இருந்தது, பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று மாதம் நன்றாகத்தான் சுட்டது. ஒரு போட்டியில் உபகரணச் சோதனைக்கு நீட்டியபோது சோதனை செய்தவர் சிலிண்டரைத் திருப்பி, கழுத்துக்குக் கீழே பொறித்திருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். 1997. பெரும்பாலான கம்பெனிகள் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள் சொல்கின்றன. தேதி முடியாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. அன்றைக்கு நான் சுடவில்லை. புது சிலிண்டருக்கு, பிஸ்டலுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு செலவானது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே முதலில் சிலிண்டர் தேதி. உள்ளே இருப்பது 200 பார் அழுத்தம், அந்தக் குழாய் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கிறது. இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம். தேதி முடிந்திருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பிறகு காற்றை நிரப்பச் சொல்லி, அளவுமானி முள் நிற்கும் இடத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. கசிவு ரப்பர் வளையத்தில் என்றால் பயமில்லை, சின்னச் செலவுதான்.

அடுத்தது விசை. விதிப்படி குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். காலியான பிஸ்டலில் சுடத் தயாராகக் கொக்கியை இழுத்து வைத்து, குழலை மேலே நோக்கிப் பிடித்து, 500 கிராம் எடையை விசையில் மாட்டித் தூக்குவார்கள். எடை மேலே வர வேண்டும், விசை விடுபடக் கூடாது. மூன்று முறை செய்து பாருங்கள். ஒரு தரம் தூக்கி ஒரு தரம் விட்டால் உள்ளே பற்கள் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது, குண்டு போடும் வாயின் சீல். மெல்லிய டிஷ்யூ பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, மூடிய வாயின் மேல் படுக்க வையுங்கள். ரேஞ்சில் வைத்து ஒரு குண்டு சுடச் சொல்லுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று பின்பக்கம் போகிறது. நான் இன்றும் இப்படித்தான் பார்க்கிறேன்.

கடைசியாக, மணல் மூட்டை மேல் பிஸ்டலைத் தாங்க வைத்து அட்டையில் ஐந்து குண்டு. ஐந்தும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு ஒரே ஓட்டையாக விழ வேண்டும். சுடுவது கோச்சாக இருக்கட்டும். ஓட்டைகள் தனித்தனியாகச் சிதறினால் வேறு பெல்லட் போட்டு இன்னொரு தரம் பார்க்கலாம். அதற்கும் சேரவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும், உங்கள் மகள் கைக்குப் பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள். அவளைக் கூட்டிப் போங்கள். பிடியில் எஸ், எம், எல் என்று அளவு உண்டு. வலது கைக்கும் இடது கைக்கும் வேறு வேறு. கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன்சைட் (குழல் நுனியில் குறி பார்க்கும் முனை) பின்சைட்டின் (பின்னால் இருக்கும் பள்ளம்) நடுவில் நிற்க வேண்டும். இடமோ வலமோ ஒதுங்கி நின்றால் பிடி பொருந்தவில்லை. கொஞ்சம் பெரிதாக இருந்தால் கவலை இல்லை. எம்-சீல் வைத்து மேடு கட்டி அரத்தால் ராவிச் சரிசெய்யலாம், மணிக்கட்டு மட்டும் தாராளமாக அசைய வேண்டும். ஒரு வருடத்தில் கை வளர்ந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். என்னிடம் வரும் பிள்ளைகளின் பிடிகளில் பாதி எம்-சீல்தான்.

பழைய ரஷ்யன் பைக்கால் 46எம் யாராவது கொடுத்தால்? நல்ல பிஸ்டல், நான் பழகியதே அதில்தான். சிலிண்டர் கிடையாது, காற்று நிரப்பும் கவலையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு நெம்புகோலை இழுத்து மூட வேண்டும். சோதனைக் குண்டுகளோடு சேர்த்து ஒரு போட்டிக்கு எண்பது தடவையாவது ஆகும். 13 வயதுத் தோளுக்கு அது அதிகம். 17 வயதுப் பையன் என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: ஏர் பிஸ்டல் வைத்திருக்க லைசன்ஸ் வேண்டுமா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசன்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல்கள் எல்லாமே 4.5 மில்லிமீட்டர். ஆற்றலும் 20-ல் பாதியைக்கூடத் தொடாது. ஆனாலும் பில்லைப் பெரியவர் பெயரில் வாங்கி, அதன் நகலைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பழையது என்றால் விற்றவரிடம் எழுதி வாங்குங்கள். பஸ்ஸில், ரயிலில் பூட்டிய பெட்டியில் மட்டும் எடுத்துப் போங்கள். பார்ப்பவர்களுக்கு அது ஏர் பிஸ்டல் என்று தெரியாது.

கேள்வி: எலக்ட்ரானிக் டிரிகர் நல்லதா, சாதாரண டிரிகர் நல்லதா?
— ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: எலக்ட்ரானிக் விசை இழுக்கச் சுகமாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விடும். கையில் காசு குறைவு என்றால் சாதாரண விசையே வாங்குங்கள். பாட்டரி வேண்டாம், சர்க்யூட் வேண்டாம், பழுதானால் நம் ஊரிலேயே கை வைக்கலாம். எலக்ட்ரானிக் பலகை போனால் அது வெளிநாட்டிலிருந்து வரும் வரை பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். சரிசெய்யப் போன நேரத்தைக் கடிகாரம் திருப்பிக் கொடுக்கவில்லை. 600-க்கு 575 எடுத்து 12-ஆம் இடம், இறுதிச் சுற்று கைவிட்டுப் போனது. உலகத்தின் நல்ல பிஸ்டலும், கூடவே ஆளும் இருந்தே அப்படி. 2024-ல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியத் துப்பாக்கி வீராங்கனை அவர்தான். டோக்கியோவுக்குப் பிறகு அவர் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: வீட்டிலேயே பழக முடியுமா சார்? மொட்டை மாடி இருக்கிறது.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: குண்டில்லாமல் பழகுங்கள். மேட்ச் பிஸ்டல்களில் காற்றுப் போகாமல் விசையை மட்டும் இழுத்துப் பழக ஓர் ஏற்பாடு உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று தினம் இருபது நிமிடம், சைட் அசையாமல் விசையை விடுவது. செலவு ஒரு பைசா இல்லை. என் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் இதைத்தான் கொடுக்கிறேன்.

மாடியில் குண்டு போட்டுச் சுடுவதென்றால், பின்னால் சுவரும், குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியும், படியில் யாரும் ஏறி வராமல் தாழ்ப்பாளும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம். சுடாத நேரத்தில் குழலுக்குள், குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும், மாடியிலும்தான். இன்னொன்று, பெல்லட் ஈயம். சுட்ட கையோடு பிள்ளைகள் முறுக்கு எடுத்துத் தின்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பெட்டியை மூடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், அப்புறம்தான் டிபன் பாக்ஸ்.