ஃபயர் டேப்லெட்டில் கூகுள் பிளே ஸ்டோர் ஏன் இல்லை? வேறு செயலிகளை எப்படி நிறுவுவது?

சாதனத்தோடு வரும் செயலிக் கடையைத் தவிர்த்து, ஒரு செயலியின் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் தொகுப்பு) நாமே தரவிறக்கி நிறுவுவதைத்தான் 'சைடுலோடிங்' என்கிறார்கள்.

அமேசானின் விலை குறைந்த ஃபயர் டேப்லெட்டுகளில் இயங்கும் ஃபயர் ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலின் மேல் கட்டப்பட்டதே. ஆனால் பிளே ஸ்டோரும் அதற்குப் பின்னணியில் இயங்கும் கூகுள் பிளே சேவைகளும் அந்தத் திறந்த பகுதியைச் சேர்ந்தவையல்ல, கூகுளிடம் தனி உரிமம் பெற்ற கருவிகளில் மட்டுமே அவை உடன்வருகின்றன. ஒரே வரைபடத்தில் கட்டிய இரு வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் குழாய் இணைப்பு கிடைத்ததைப் போன்றது இது: மற்ற வீட்டுக்குத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவரலாம், ஆனால் குழாயை நம்பிப் பொருத்திய சலவை இயந்திரம் ஓடாது. அதனால்தான் தனியே நிறுவிய செயலிகளில் சில நன்றாக இயங்க, வரைபடம், உள்நுழைவு, அறிவிப்பு ஆகியவற்றுக்குக் கூகுள் சேவைகளை நாடுபவை தடுமாறுகின்றன.

அமைப்புகளில், கோப்பைத் திறக்கும் உலாவிக்கு மட்டும் அறியாத மூலங்களிலிருந்து நிறுவும் அனுமதியைத் தந்து, வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெறுங்கள்; இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். கட்டற்ற மென்பொருள்களுக்கு எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியம் நல்ல தொடக்கம்.

பலர் அஞ்சுவதுபோல் சைடுலோடிங் என்பது, இயங்குதளத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் கையிலெடுக்கும் 'ரூட்' செய்வது அன்று. இயங்குதளத்தின் பூட்டு எதையும் உடைக்காமல், அதிலேயே உள்ள அனுமதியைப் பயன்படுத்துவதுதான்.