ஹால்ஸ்டாட் போகிறீர்களா? காரை எங்கே விடுவது: கேள்வி பதில்

ஆஸ்திரியாவின் ஏரிக்கரைக் கிராமமான ஹால்ஸ்டாட்டுக்குக் காரில் வரும் நம்மவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில், பாட் இஷ்லில் குடியிருக்கிறேன். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அந்த ஊருக்குக் கூட்டிப் போவது என் வேலை.

அக்கா, நாங்கள் மியூனிக்கிலிருந்து வருகிறோம். வின்யெட் வாங்க வேண்டுமா?

வின்யெட் என்பது நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான வில்லை. எல்லையிலிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் சால்ஸ்பர்க் நோர்ட் வெளியேறும் வழி வரை அது தேவையில்லை, 2019 டிசம்பரிலிருந்து விலக்கு உண்டு. அங்கே இறங்கி ஃபுஷ்ல், சாங்க்ட் கில்கன், பாட் இஷ்ல் வழியாக வாருங்கள். இறங்காமல் ஏ1 சாலையிலேயே தொடர்ந்து போனால் வின்யெட் கட்டாயம்.

ஊருக்குள் காரைக் கொண்டுபோக முடியுமா?

பகலில் முடியாது. உள்ளூர்க்காரர்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும்தான் வழி. வடக்கிலிருந்து வரும்போது மலைக்குள் சுரங்கப்பாதை இருக்கிறது. அதைத் தாண்டி, தெற்கே லான் என்ற பகுதியில்தான் பி1, பி2, பி4 என்ற நிறுத்தங்கள். சந்தைச் சதுக்கத்துக்கு அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிட நடை.

இடம் இருக்கிறதா, நிரம்பிவிட்டதா என்று வழியிலேயே மின்பலகை காட்டும். அதை நம்புங்கள். ஒரு ஆகஸ்ட் ஞாயிறு பதினொரு மணிக்கு, 'போய்ப் பார்த்தால் ஒன்றாவது கிடைக்காதா' என்று தங்கை குடும்பத்தோடு போய், சுரங்கத்துக்குள் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஊர்ந்தேன். பின்னால் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. கோடையில் காலை ஒன்பதுக்கு முன்னால் வாருங்கள். இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் வாருங்கள். வெயில் சாய்ந்த பிறகு ஏரி இன்னும் அழகாக இருக்கும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எது வசதி?

பி2. அங்கிருந்து ஏரியோரமாகவே போகும் சாலை பெரும்பாலும் சமதளம், நின்று நின்று போகலாம். கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு ஏறும் படிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உப்புச் சுரங்கத்துக்கு மேலேற்றும் இழுவை ரயிலும் லானிலேயே இருக்கிறது.

ஹோட்டலில் தங்குகிறோம். வாசல் வரை போகலாம்தானே?

பொதுவாகக் காரை பி1-இல் விட்டுவிட்டு, ஹோட்டல் விருந்தினர்களுக்கான வண்டியில்தான் ஊருக்குள் போக வேண்டும். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் நிரம்பியிருந்தால் யாராவது வீட்டு ஓரமாக விடலாமா?

வேண்டவே வேண்டாம். இங்கே தனியார் நிலத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் நில உரிமையாளர் வழக்குப் போடலாம். வக்கீல் கடிதம் செலவுக் கணக்கோடு வீடு தேடி வரும்.

அப்படியென்றால் வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. உண்மையில் நான் எல்லோருக்கும் சொல்வதும் அதைத்தான்: காரை ஒபர்டிரானில் விடுங்கள். ஏரியின் தென்கிழக்கு முனையில், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஹால்ஸ்டாட். ரயில் அடிக்கடி வராது, அதனால் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஹால்ஸ்டாட் நிலையம் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. இறங்கி, சின்னப் பாதையில் கீழே நடந்தால் படகுத்துறை. ரயில் நேரத்தை ஒட்டியே படகும் இருக்கும். கையில் கொஞ்சம் ரொக்க யூரோ வைத்திருங்கள்.

படகு நடு ஏரிக்கு வரும்போது கூர்ந்து பாருங்கள். முதலில் தேவாலயத்தின் கூர்முனை, பிறகு மலையில் ஒட்டவைத்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக மரவீடுகள். 1890 வரை இந்த ஊருக்குச் சாலையே கிடையாது. படகு, இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதை. பழைய நாட்களில் எல்லோரும் இந்த ஊரை முதலில் பார்த்தது தண்ணீரிலிருந்துதான். காரில் வந்தால் அந்தக் காட்சி கிடைக்காது.

இவ்வளவு பேர் வருகிறார்கள், பெரிய நிறுத்தம் கட்டக்கூடாதா?

எங்கே கட்டுவது, தம்பி? முன்னால் ஏரி, முதுகுக்குப் பின்னால் மலை. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல், பழைய எலும்புகளை எடுத்துத் தனி மண்டபத்தில் அடுக்கி வைத்த ஊர் இது. பூவும் இலையும் பெயரும் வரைந்த நூற்றுக்கணக்கான மண்டையோடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம். எண்ணூறு பேர்கூட இல்லாத ஊருக்குக் கோடையில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் ஊர்மக்களே சுரங்கப்பாதையை மறித்துப் போராட்டம் செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் நாள் முழுக்கக் கேமரா என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

சங்கத்திலிருந்து ஐம்பது பேர் பேருந்தில் வருகிறோம்.

சுற்றுலாப் பேருந்துகளுக்கு 2020 முதல் நேரம் ஒதுக்கும் முறை இருக்கிறது. முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.

டிசம்பரில் வரலாமா?

வாருங்கள். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருந்தால் குளிர்காலச் சக்கரம் சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒபர்டிரானில் காரை விட்டுவிட்டுக் கடைசிப் படகைத் தவறவிட்டால்?

படகு மாலையோடு நின்றுவிடும். இறங்கும்போதே துறையில் இருக்கும் நேரப்பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் லானில் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் போய்விட்டதென்றால் டாக்சிதான். குழந்தைகளோடு இருட்டில் நடக்க வேண்டாம்.